உழவாரம் பிடித்த கைக்கு இன்று என்ன வேலை?

அவையிலுள்ள பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

"பழங்கால அருளாளர்கள் இந்தக் காலத்துக்குப் பொருந்துவார்களா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். அன்பு, கருணை, ஒருமைப்பாடு என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, போட்ட பொன்னாடையோடு இறங்கிவிடலாம். அதனால் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: அப்பர் என்று நாம் அழைக்கிற திருநாவுக்கரசர். அவரிலும் அவர் தோளில் சாய்ந்திருக்கும் அந்தக் கருவியை மட்டும்.

சிவன் கோயில்களில் நால்வர் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். சம்பந்தர் கையில் தாளம். மாணிக்கவாசகர் கையில் ஏடு. சுந்தரர் மணக்கோலத்தில் நிற்பார். அப்பரிடம் மட்டும்தான் ஒரு கூலியாளின் கருவி இருக்கிறது. நீளமான காம்பு, நுனியில் தட்டையான சின்ன இரும்புத் தகடு. புல் செதுக்குகிற சாமான் அது. அதற்குப் பெயர் உழவாரம்.

பண்ருட்டி பக்கத்துத் திருவாமூரில் பிறந்து, சமணத்தில் சேர்ந்து தருமசேனராக விளங்கி, சூலை நோய் என்ற வயிற்றுவலி தாங்காமல் திருவதிகைக்குத் திரும்பியவர் அவர். காலம் ஏழாம் நூற்றாண்டு. இந்தக் கதையில் நாம் வேகமாகத் தாண்டிப் போகிற ஆள் ஒருவர் உண்டு: அக்காள் திலகவதியார். தம்பி வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த அம்மையார் திருவதிகைக் கோயிலில் விடியுமுன் அலகிட்டு, மெழுகி, பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். தம்பி பார்த்த முதல் திருத்தொண்டு அதுதான். பின்னாளில் திருவாரூரில் தன் நெஞ்சுக்கே அவர் சொல்கிறார்: "புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டுப் பூமாலை புனைந்தேத்தி". அலகிடுவது என்றால் பெருக்குவது. இந்த அடியை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். இதில் ஒரு வேலை வரிசை இருக்கிறது என்பதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. அந்த வரிசையைப் பிறகு பேசுகிறேன்.

முதலில் ஒரு சங்கடத்தைப் பேசிவிடலாம். அப்பர் சொன்னது அத்தனையும் இன்றைக்கு வேண்டும் என்று வாதாட நான் வரவில்லை. சமணரைப் பழித்து அவர் பாடிய பாட்டுகள் கொஞ்சநஞ்சமில்லை. பெரிய புராணக் கதைப்படி, அவரால் சைவனான பல்லவ மன்னன் பாடலிபுத்திரத்துச் (இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர்) சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான். கோயிலைப் பேணுவதற்கு உதாரணமாக நாம் காட்டுகிற ஒருவரின் கதைக்குள்ளேயே இன்னொருவர் பள்ளி இடிபடுகிறது. இதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடினால், இளைஞர்கள் தாங்களே படித்துத் தெரிந்துகொண்டு நம்மைத்தான் கேட்பார்கள். "கோத்திரமும் குலமும் கொண்டு என் செய்வீர்" என்று பாடியவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, அப்புறம் எதற்கு அவர்? திருவீழிமிழலைப் பஞ்சக் கதையை நினைத்துப் பாருங்கள். அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாளுக்கு ஒவ்வொரு பொற்காசு பீடத்தில் கிடைக்கிறது. அப்பர் காசைக் கடைக்காரர் அப்படியே வாங்கிக்கொள்கிறார். சம்பந்தர் காசுக்கு வாசி, அதாவது வட்டம் என்ற கழிவு, பிடிக்கிறார். அதனால் அவர் மடத்தில் சோறு வடிக்க நேரமாகிவிடுகிறது. காரணம் கேட்டால், அப்பர் கைத்தொண்டு செய்கிறவர் என்று விடை வருகிறது. "வாசி தீரவே காசு நல்குவீர்" என்ற பதிகம் அப்படித்தான் பிறந்தது. பாடுகிறவர் இருவருமே. ஆனால் உடம்பு வளைத்தவர் காசுக்குத்தான் முழு மதிப்பு. மரபு தன் கதைக்குள்ளேயே வைத்திருக்கிற கணக்கு இது.

அந்த வேலை இன்றைக்கும் தேவைப்படுகிறதா? இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் 40,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் ஆண்டு வருமானம் 10,000 ரூபாயைத் தொடுவதில்லை. ஒரு கால பூசைக்கு விளக்கெண்ணெய் வாங்கவே திட்டம் போட வேண்டியிருக்கிற இடத்தில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்க யார் ஆள் வைப்பார்கள்? ஆகவே வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து இறங்கும் உழவாரப்பணிக் குழுக்களும் இருக்கின்றன. குறை எங்கே என்றால், பக்தி இருக்கிற அளவுக்குப் பக்குவம் இருப்பதில்லை. காட்டுச்செடி நூறு ஆண்டில் செய்யாத சேதத்தை ஆர்வம் மிகுந்த முப்பது பேர் ஒரு காலைப் பொழுதில் செய்துவிட முடியும்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அப்பர் பார்த்த கோயில்களில் பல செங்கல்லும் மரமும் சுதையும், அதாவது சுண்ணாம்புச் சாந்தும், கொண்டவை. அவர் காலத்துப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் குடைவரையைச் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் எடுத்தேன் என்று பெருமையாகக் கல்லில் வெட்டிவைத்தான் என்றால், மற்றதெல்லாம் எதனால் ஆனது என்று தெரிகிறது. பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் போன்றவர்கள் அவற்றில் பலவற்றைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, மாற்றினார்கள். மண்தரைக்கு ஏற்ற உழவாரத்தைக் கல் இடுக்கில் வைக்கும்போது கை கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

போகுமுன் அனுமதி. அறநிலையத்துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள். தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் போல இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் அவர்கள் சொல்லாமல் ஒரு புல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது. ஒரே பிராகாரமுள்ள சின்னக் கோயிலுக்கு இருபது, இருபத்தைந்து பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒருவர் பெருக்கிய இடத்தில் இன்னொருவர் குப்பை கொட்டுவார்.

வேலை வரிசைக்கு வருகிறேன். அலகு முதலில், மெழுக்கு பிறகு என்கிறார் அப்பர். நாம் என்ன செய்கிறோம்? இறங்கியதும் மோட்டார் போட்டுக் குழாயைத் திருப்பிவிடுகிறோம். வருடக்கணக்கான தூசியும் சருகும் சேறாகி, கல் இணைப்புகளுக்குள்ளும் நீர்ப்போக்கிகளுக்குள்ளும் போய் உட்காருகிறது. காய்ந்தால் அதுதான் அடுத்த மழைக்குப் புல் முளைக்க மண். முதலில் தென்னந்துடைப்பத்தால் உலர்ந்தபடியே பெருக்கி அள்ளுங்கள். தண்ணீர் கடைசியில், அதுவும் வாளியில். வௌவால் புழுக்கை மட்டும் விலக்கு. அதை உலரப் பெருக்கினால் தூள் மூக்குக்குள் போகும். லேசாகத் தண்ணீர் தெளித்து, மூக்கை மூடிக்கொண்டு சுரண்டி எடுக்க வேண்டும்.

இருக்கிற வேலைகளில் ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் மேல்தளத்து நீர்ப்போக்கிகளைச் சுத்தம் செய்யுங்கள். புரட்டாசிக்குள் முடிய வேண்டும், ஐப்பசி மழை காத்திருக்காது. மேலே ஏறுகிறவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். விளிம்பை விட்டு உள்ளே நிற்கட்டும், செருப்பில்லாமல். போக்கி வாயில் அடைத்திருக்கிற சருகையும் புறா எச்சத்தையும் கையால் எடுத்துவிட்டு, மூன்று வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். கீழே ஒருவர் நிற்க வேண்டும். மூன்று வாளியும் கோமுகம் போன்ற அந்த வாய் வழியாக வெளியே விழுந்தால் நல்லது. இரண்டு வாளி மட்டும் விழுந்து, மூன்றாவது எங்கே போனது என்று தெரியாவிட்டால், அது மேல்தளத்தில் பதித்த தட்டோட்டுக்கும் செங்கல் ஜல்லிக்கும் கீழே போய்க்கொண்டிருக்கிறது. கொஞ்ச நாளில் கருவறை மேல்கல்லில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அந்த இடத்தில் சுண்ணக்கட்டி கொண்டு ஒரு அடையாளம் போட்டு, படம் எடுத்து, அலுவலரிடம் கொடுங்கள். நீங்களே சிமெண்ட் பூசிவிடாதீர்கள்.

சிமெண்ட் ஏன் ஆகாது என்று பலர் கேட்கிறார்கள். பழைய கட்டுமானம் சுண்ணாம்புச் சாந்து. அது ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியேயும் விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்பாகித் தள்ளும். சிமெண்ட் பத்திரமாக இருக்கும், அதன் பின்னாலுள்ள செங்கல் பொடியாகும். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். இது கைதேர்ந்த கொத்தனார் வேலை, தொண்டர் வேலை கிடையாது.

அடுத்து கோபுரத்து ஆலங்கன்று, அரசங்கன்று. பறவை எச்சத்தில் வந்து சுதை இடுக்கில் வேர்விட்டவை. சுண்டுவிரல் பருமனுக்குள் இருந்தால் மழை பெய்து ஈரமாயிருக்கும்போது நேராக இழுத்தால் வேரோடு வரும். கட்டைவிரலைத் தாண்டியிருந்தால் இழுக்கவே கூடாது. வேர் உள்ளே கிளை பிரிந்து செங்கல்லைச் சுற்றியிருக்கும். இழுத்தால் செங்கலும் சுதையும் சேர்ந்து வரும், கீழே யார் தலையிலாவது விழும். அரிவாளால் வெட்டிவிட்டுப் போவதும் உதவாது. ஒன்றை வெட்டினால் நாலு துளிர்க்கும், வேர் முன்னிலும் தடிக்கும். வெட்டிய புது முகத்தில் சில நிமிடங்களுக்குள், பால் வடிந்து காய்வதற்கு முன், மரங்கொல்லி மருந்தைத் தூரிகையால் தடவ வேண்டும். எந்த மருந்து, யார் தடவுவது என்பதைத் துறைப் பொறியாளர் சொல்லட்டும். பட்டுப்போன பிறகு வேரைத் துண்டு துண்டாக எடுத்து, ஓட்டையைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். அவசரப்பட்டு ஆசிட் ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆசிட் சுண்ணாம்பைத் தின்னும். மரம் சாகிறதோ இல்லையோ, சுவர் செத்துவிடும்.

கல்வெட்டுகள் பெரும்பாலும் எங்கே இருக்கும்? அதிட்டானம் என்ற அடிப்பீடத்தில், அதாவது நம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே, ஜகதி, குமுதம் என்ற அதன் வரிக்கற்களிலும், அதற்கு மேல் சுவரிலும். நாம் முதுகு சாய்கிற இடம், எண்ணெய்க் கையைத் துடைக்கிற இடம், சுண்ணாம்பு அடிக்கிற இடம் எல்லாம் அதுதான். கம்பித் துடைப்பான் கூடாது. கல்லைக் கீறும், கம்பித் தூள் பின்னால் துருவாகும். சோப்புத்தூள் கூடாது, அதன் உப்பு கல்லுக்குள் தங்கும். தேங்காய்நார், நல்ல தண்ணீர், அவ்வளவுதான். மணலைப் பீச்சியடிக்கும் சாண்ட் பிளாஸ்டிங் முறையில் கோயில்களைப் 'புதுசு' ஆக்கிய காலம் ஒன்று இருந்தது. கல் வெளுத்தது, எழுத்தும் போனது. ஆயிரம் ஆண்டு நிலத்தானக் கணக்கு ஒரு மத்தியானத்தில் அழிந்தால் அதைத் திரும்ப எழுத எந்தச் சோழனும் வரப்போவதில்லை.

பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்க்கலாம். புளிச்சாறு போகத் தண்ணீரில் நன்றாக அலசி, உடனே துணியால் துடைத்து வெயிலில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டே நாளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். உற்சவ மூர்த்திகளின் பக்கம் மட்டும் அந்தப் புளியைக் கொண்டுபோகாதீர்கள். நூற்றாண்டுகளாகப் படிந்த மேல்தோல்தான் அந்தச் செம்பைக் காக்கிறது. பளபளக்க வேண்டும் என்ற நம் ஆசைக்காக அதன் முகத்தைக் கரைக்க வேண்டாம்.

புதர் இருக்கிற இடத்தில் கை வைக்குமுன் கம்பால் தரையைத் தட்டுங்கள். முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். அது எத்தனை கிலோமீட்டர் என்பது காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். கோபுரத்தில் மலைத்தேனீயோ கதண்டோ கூடு கட்டியிருந்தால் அன்றைக்குச் சாம்பிராணிப் புகை போடக்கூட வேண்டாம், அந்தப் பக்கத்தையே விட்டுவிடுங்கள்.

திருப்புகலூரில் அப்பர் உழவாரப்பணி செய்த இடத்தில் பொன்னும் மணியும் கிடந்ததாம். பருக்கைக் கல்லோடு கல்லாக அவற்றையும் வாரி வாவியில் எறிந்தார் என்கிறது புராணம். நம் குழுக்களுக்கு இடறுகிற பொன் எது தெரியுமா? கைப்பேசி. பெருக்குகிறவர் ஐந்து பேர், படம் எடுக்கிறவர் எட்டுப் பேர் என்று ஆகிவிடுகிறது. செதுக்குமுன் ஒரு படம், செதுக்கிய பின் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்தால் அலுவலகத்துக்கு உதவும். மற்றவற்றுக்கு யாரும் கேட்கவில்லை.

கடைசியாக, செதுக்கிய புல் குவியல். பதினொரு மணி வெயிலில் எல்லாருக்கும் களைப்பு வந்துவிடும். மதில் ஓரமாகக் குவித்துத் தீ வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். கருங்கல்லைத் தீயால் சூடாக்கிக் கல்லுடைப்பவர்கள் பாளம் பாளமாகப் பெயர்ப்பது உண்டு. மதிலிலும் அதேதான் நடக்கும், முகப்பு தோடுதோடாக உதிரும். எரிக்காமல் அங்கேயே விட்டுப் போனால் அடுத்த வாரத்துக்குள் பாம்புக்கு வீடு. வரும்போதே ஒரு டிராக்டருக்குச் சொல்லிவைத்துவிட்டு வாருங்கள். புல், வேர், உடைந்த தட்டோடு, பிளாஸ்டிக் எல்லாம் அன்றைக்கே மதிலைத் தாண்டி வெளியே போய்விட வேண்டும். தட்டோட்டில் மட்டும் எழுத்தோ கோலமோ இருக்கிறதா என்று ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.