ஜிப்பைத் திறந்து பாருங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் மகளுக்கு மெத்தை வாங்க நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். உறையில் பச்சை இலை படம் போட்டு, 'இயற்கை லேடெக்ஸ், சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று எழுதியிருந்தது. விற்பனைத் தம்பி உள்ளங்கையால் அழுத்திக் காட்டி, "சார், இது அப்படியே நம்ம ரப்பர் மரத்துப் பால்" என்றார். நான் குலசேகரம் பக்கத்துக்காரன், பால் வெட்டிப் பிழைத்த குடும்பம். "இந்த ஜிப்பைக் கொஞ்சம் திறங்களேன்" என்றேன். தயங்கித்தான் திறந்தார். மேலே ஒரு அங்குலத்துக்கு வெள்ளை லேடெக்ஸ், ஊசியால் குத்தியதுபோல வரிசை வரிசையாகத் துளைகள். அதற்குக் கீழே ஐந்து அங்குலம் சாதாரண ஃபோம். இரண்டையும் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. லேடெக்ஸ் இருக்கத்தான் செய்கிறது. எவ்வளவு என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஜிப் இல்லாத மெத்தையை எப்படிப் பார்ப்பது என்பீர்கள். எடையைக் கேளுங்கள். ஆறடி நீளம், ஐந்தடி அகலம், ஆறு அங்குல உயரம் உள்ள மெத்தை முழுக்க லேடெக்ஸ் என்றால் 30 கிலோவை ஒட்டி வரும், அதற்கு மேலும் போகும். அதே அளவில் 32 டென்சிட்டி ஃபோம், அதாவது கன மீட்டருக்கு 32 கிலோ எடையுள்ளது, 14 கிலோகூட வராது. நான் பார்த்த மாதிரி ஒட்டுப்போட்டது 16, 17 கிலோவில் நிற்கும். ஒரு ஆளே அலட்சியமாகத் தூக்கித் தோளில் வைத்தால் சந்தேகப்படலாம். கனமாக இருந்தாலே அசல் என்றும் நம்பிவிடாதீர்கள். கழிவு ஃபோமைத் துண்டு துண்டாக்கி அழுத்தி ஒட்டும் 'ரீபாண்டட்' ரகமும் நல்ல கனம்.

'100 சதவீதம் இயற்கை' என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். மரத்தில் வடியும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். கெடாமலிருக்க அம்மோனியா சேர்த்து, இயந்திரத்தில் சுழற்றி, 60 சதவீதமாக்குகிறார்கள். அதை நுரைக்க அடித்து, கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் சேர்த்து, அச்சில் ஊற்றி வேகவைத்தால்தான் மெத்தை. கந்தகம் சேராத ரப்பர் வெயிலில் பிசுபிசுத்துப்போகும். இன்னொன்று, வெறும் 'லேடெக்ஸ்' என்று போட்டிருந்தால் அது பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை லேடெக்ஸாகவும் இருக்கலாம். சோயா ஃபோம், தாவர ஃபோம் என்பதும் அப்படித்தான்: மூலப்பொருளில் ஒரு பங்கு தாவர எண்ணெய், மற்றபடி அது பாலியூரித்தேன், அதாவது அந்தச் சாதாரண ஃபோமேதான்.

சரி, முத்திரைகளை நம்பலாமா? எந்த முத்திரை எதைச் சொல்கிறது என்று தெரிந்தால் நம்பலாம். ஜி.ஓ.எல்.எஸ். என்பது இயற்கை வேளாண் முறையில் எடுத்த லேடெக்ஸுக்கு. 95 சதவீதமாவது அந்த மூலப்பொருள் இருக்க வேண்டும். துணிக்கு ஜி.ஓ.டி.எஸ். ஆனால் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 பார்ப்பது, உடம்புக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்பதை மட்டும். பாலியஸ்டர் துணியும் அதில் தேறிவிடும். தனக்குத்தானே முத்திரை குத்திக்கொள்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2013-இல் கூட்டாட்சி வணிக ஆணையம் மூன்று மெத்தை நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. அதில் ஒன்று காட்டிய 'சங்க' முத்திரை, அந்த நிறுவனத்தின் இன்னொரு முகம்தான் என்று தெரியவந்தது.

நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கு நெறிமுறை கொண்டுவந்திருக்கிறது. 'பசுமை', 'சூழலுக்கு உகந்தது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது, ஆதாரம் வேண்டும். முழுப் பொருளைச் சொல்கிறீர்களா, அதில் ஒரு பகுதியையா, வெறும் பொதியையா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கடைக்காரர் மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஃபோன் போடலாம்.

மேல்துணியைப் பற்றி ஒரு வார்த்தை. 'மூங்கில் துணி' என்பது பெரும்பாலும் விஸ்கோஸ். மூங்கிலைக் கூழாக்கி, கார்பன் டைசல்பைடு என்ற நச்சு ரசாயனத்தின் துணையோடு இழுத்த நூல். பருத்தியா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, தள்ளி வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகும்.

இவ்வளவு கேட்டாலும் நான் பெரிதாக நினைப்பது வேறொரு கேள்வி: இதைப் பிரிக்க முடியுமா? லேடெக்ஸையும் ஃபோமையும் பசையால் ஒட்டிவிட்டால், பத்து வருஷம் கழித்து அதை யாராலும் பிரிக்க முடியாது. நேராகக் குப்பைமேடுதான். தேங்காய் நார் மெத்தையிலும் நாரைப் பிடித்துவைப்பது ரப்பர் பால்தான். ஆனால் அதன்மேல் ஃபோமை ஒட்டி விற்கிறார்களே, அங்கேதான் கெடுகிறது.

இலவு காத்த கிளி பழத்துக்குக் காத்திருந்தது, பஞ்சு கிடைத்தது. நாம் பஞ்சைக் கேட்டு ஃபோமை வாங்கி வருகிறோம். எங்கள் வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை கட்டிதட்டிப் போனால் அம்மா தையலைப் பிரித்து, பஞ்சை மொட்டைமாடியில் காயப்போடுவார். காற்றில் பறக்காமலிருக்க மேலே பழைய கொசுவலை. கம்பால் அடித்து, கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்த்து, புதுத் துணியில் அடைத்தால் இன்னும் சில வருஷம் ஓடும். தூசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது சரிப்படாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்தோம். இரண்டு தெரு தள்ளி, வாசலில் உட்கார்ந்து மெத்தை தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் விலை கேட்டோம். அவர் விலை சொல்லவில்லை. "வீட்டுல பழைய மெத்த எதும் கெடக்கா? கொண்டாங்க, அந்தப் பஞ்சயும் சேத்துத் தச்சுரலாம்" என்றார். அம்மா வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இறக்க வேண்டும்.

வணக்கம்.