மூன்று முயற்சி முடிந்த பிறகு வருகிறவர்

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் தமிழ்ச் சங்கத்துச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"அமெரிக்கக் கால்பந்தில் பன்டராக இருப்பது ஒரு வீரனுக்குப் பெருமையா, வெறும் பிழைப்பா?" இதுதான் தலைப்பு. பெருமையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நன்றாகத்தான் பேசினார். பன்டர் ஒரு ஆட்டத்தில் நாலைந்து தடவைதான் உள்ளே வருகிறார், அதுவும் அணி தடுமாறி நிற்கும்போது வருகிறார், அவர் பெயர் போட்ட சட்டையை எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை, ஒரு உதை தப்பினால் வேலை போய்விடும், இதில் என்ன பெருமை என்று கேட்டார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அத்தனையும் என் பக்கத்துக்கான சாட்சி.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்காக ஆட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். மூன்று முயற்சியிலும் முடியவில்லை என்றால், நான்காவதில் தோற்று பந்தை அந்த இடத்திலேயே எதிரியிடம் கொடுப்பதைவிட, ஓங்கி உதைத்து அவனைத் தூரத்திலிருந்து தொடங்க வைப்பது மேல். அந்த உதைக்குப் பெயர் பன்ட். உதைப்பவர் பன்டர்.

சரி, தூரமாக உதைத்தால் போதுமா? போதாது. நாற்பத்தைந்து யார்டு போகிற பந்து நாலரை விநாடியாவது வானத்தில் நிற்க வேண்டும். இதை ஹேங் டைம் என்பார்கள். பந்து மேலே நிற்கிற அந்த நாலரை விநாடியில்தான் சொந்த அணியின் ஆட்கள் மைதானம் முழுக்க ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். பந்து தாழ்வாகப் பறந்தால் அவர்கள் போய்ச் சேருவதற்குள் எதிரி பந்தை வாங்கி ஓடத் தொடங்கிவிடுவார். இத்தனைக்கும் பன்டருக்குக் கிடைக்கும் நேரம் இரண்டு விநாடி. பதினைந்து யார்டு முன்னாலிருந்து ஒருவர் கால்களுக்கு இடையே பந்தை எறிகிறார், இவர் பிடித்து, திருப்பி, இரண்டு எட்டு வைத்து உதைக்க வேண்டும். எதிரே மலை மலையாக ஆட்கள் ஓடி வருகிறார்கள். இவர் கண் பந்தின் மேல் மட்டும்தான் இருக்க முடியும்.

என் மகன் உயர்நிலைப் பள்ளி அணியில் பன்டர். மாலை நேரத்தில் அவனை அழைத்துவரப் போனால், எல்லோரும் ஒரு பக்கம் கூடிப் பயிற்சி செய்ய, இவன் மட்டும் மைதானத்தின் மறு மூலையில் நிற்பான். ஒருநாள் காரை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். உதைக்கவே இல்லை. இடுப்பளவில் பந்தைப் பிடித்து, கையை மெல்ல விலக்கி, புல்லில் விழ விடுகிறான். எடுக்கிறான், மறுபடி விழ விடுகிறான். "என்னடா பண்றே?" என்றேன். "பந்து சாயாம விழணும்ப்பா. மூக்கு ஒரு விரல் சாய்ஞ்சாலும் எங்கேயோ போயிடும். பன்ட் கால்ல இல்லப்பா, கையில இருக்கு" என்றான். ஐம்பது தடவைக்கு மேல் அன்றைக்கு விழ விட்டான். அப்புறம் ஒன்றே ஒன்று உதைத்தான். அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது, நடுவர் அவர்களே. வெறும் அறை இல்லை, உள்ளேயிருந்து வருகிற ஒரு கும்மென்ற ஓசை. பந்து கோபுரம் போல ஏறிப் போனது. பார்க்க அங்கே யாரும் இல்லை, நான் ஒருத்தன்தான். அன்றைக்குத்தான் இந்தத் தலைப்புக்கு என் பதில் எனக்குக் கிடைத்தது.

இப்போது நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணிக்கு வருகிறேன். அடுத்தடுத்து மூன்று பன்டர்கள். இந்த மூவரைச் சொன்னாலே என் வாதம் பாதி முடிந்துவிடும்.

முதலாமவர் ஜெஃப் ஃபீகிள்ஸ். கல்லூரி முடித்தபோது எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. சும்மா வந்து சேர்ந்தவர். 1988இல் தொடங்கி 2009 வரை 22 சீசன், தொடர்ச்சியாக 352 ஆட்டம். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. வயது 41 ஆன பிறகுதான் ஜெயன்ட்ஸோடு சூப்பர் பௌல் என்கிற இறுதிப் போட்டியை வென்றார். அவருடைய கைவேலை என்னவென்றால், பந்தை எதிரியின் எல்லைக் கோட்டுக்கு அருகில் மைதானத்தின் ஓரத்தைத் தாண்டிப் போக வைப்பது. அந்த மூலைக்குச் சவப்பெட்டி மூலை என்றே இங்கே பெயர். யாராலும் பிடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது.

அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு வந்தவர் மேட் டாட்ஜ், அந்த வருடம்தான் கல்லூரியிலிருந்து வந்த இளைஞர். எதிரணித் தலைவர் இவரைத்தான் ஆயுதமாக எடுத்தார். 2010 டிசம்பர் 19, எதிரே பிலடெல்ஃபியா ஈகிள்ஸ். சுமார் எட்டு நிமிடம் மிச்சம் இருக்கும்போது ஜெயன்ட்ஸ் 31, ஈகிள்ஸ் 10. அங்கிருந்து ஈகிள்ஸ் 31க்கு 31 என்று வந்துவிட்டது. கடைசி சில விநாடிகள். ஓரத்தைத் தாண்டி உதை, பந்தைப் பிடித்து ஓடுகிற டிஷான் ஜாக்சனிடம் மட்டும் கொடுத்துவிடாதே என்பது உத்தரவு. பந்து உயரமாக வந்தது. டாட்ஜ் எட்டிப் பிடித்து அவசரமாக உதைத்தார், தாழ்வாக நேரே ஜாக்சனிடம் போனது. அவர் முதலில் நழுவவிட்டு, எடுத்து, 65 யார்டு ஓடி, எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். ஆட்டம் முடிந்தது. பயிற்சியாளர் மைதானத்தின் நடுவிலேயே அந்தப் பையனைப் பார்த்துக் கத்தியதை நாடே பார்த்தது. அடுத்த சீசன் தொடங்குமுன் அவரை விடுவித்துவிட்டார்கள்.

"இதுதான் உங்கள் பெருமையா?" என்று எதிரணி கேட்டது. நான் திருப்பிக் கேட்கிறேன். அதற்கு முன்னால் போன 21 புள்ளியை விட்டவர்கள் யார்? தடுப்பவர்கள், பிடிப்பவர்கள் என்று மைதானத்தில் இறங்கிய எத்தனையோ பேர். அவர்கள் தவறெல்லாம் கூட்டத்தில் கரைந்துவிட்டது. பன்டரின் தவறு கரையாது. ஒளிந்துகொள்ள அவருக்கு இடமே இல்லை. அது தெரிந்தே ஒவ்வொரு தடவையும் அங்கே போய் நிற்கிறார் பாருங்கள், வெறும் பிழைப்புக்காக நிற்கிறவன் அப்படி நிற்க மாட்டான். அந்த இளைஞரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் கனக்கிறது.

மூன்றாமவர் ஸ்டீவ் வெதர்ஃபோர்ட். அந்த ஈகிள்ஸ் ஆட்டம் முடிந்து பதினான்கு மாதம்கூட ஆகவில்லை, 2012 பிப்ரவரி 5, இண்டியானபோலிஸ், சூப்பர் பௌல். எதிரே டாம் பிரேடியின் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். ஜெயன்ட்ஸின் முதல் தாக்குதல் நின்றுபோய் வெதர்ஃபோர்ட் உள்ளே வந்தார். உதைத்த பந்து பேட்ரியட்ஸின் ஆறு யார்டு கோட்டில், அதாவது அவர்கள் எல்லைக் கோட்டிலிருந்து ஆறே யார்டில், போய் நின்றது. அடுத்த நகர்விலேயே பிரேடி அந்த எல்லைக்குப் பின்னால் இருக்கும் தன் சொந்த எண்ட் ஸோனுக்குள் பின்வாங்க வேண்டியதாகி, நெருக்கடியில் ஆளில்லாத இடத்துக்குப் பந்தை எறிந்தார். அது குற்றம். ஜெயன்ட்ஸுக்கு இரண்டு புள்ளி. அதோடு பந்தும் திரும்ப அவர்கள் கைக்கே வந்தது, அதில் ஒரு டச்டவுனும் போட்டார்கள். முடிவு 21க்கு 17. கணக்கில் அந்த இரண்டு புள்ளி தடுப்பவர்கள் பேரில் இருக்கும். ஆறு யார்டு கோட்டில் பந்தைக் கொண்டுபோய் வைத்தது யார் என்று இந்த அவை சொல்லட்டும்.

பன்டர் உண்மையான விளையாட்டு வீரரே இல்லை என்று ஒரு தம்பி போகிற போக்கில் சொன்னார். ரே கை என்ற பெயரை அவருக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஜார்ஜியாக்காரர். கல்லூரியில் உதைப்பதோடு தடுப்பு வரிசையிலும் ஆடி ஒரே சீசனில் எட்டு பந்தைப் பறித்தவர். கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது, 1973இல் ஓக்லண்ட் ரைடர்ஸ் அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. முழுநேரப் பன்டர் ஒருவரை அதற்கு முன் யாரும் அப்படி எடுத்ததில்லை. 14 சீசன், 207 ஆட்டம், 1049 பன்ட், மூன்று சூப்பர் பௌல் வெற்றி. 1976இல் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் அவர் உதைத்த பந்து கூரையிலிருந்து தொங்கிய திரையில் போய் மோதியது. 1984 ஜனவரியில் டாம்பாவில் நடந்த சூப்பர் பௌலில், தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த பந்தைத் துள்ளி ஒற்றைக் கையால் பறித்து, இறங்கி, உதைத்தார். இவர் வீரர் இல்லையென்றால் வேறு யார் தம்பி வீரர்?

அந்த ரே கை கடன் நெருக்கடியில் 2011இல் தன் சாம்பியன் மோதிரங்களை ஏலத்தில் விற்றார் என்பதையும் எதிரணி சொன்னது. உண்மை. வருத்தமான உண்மை. ஆனால் அது பண வாழ்க்கையில் வந்த அடி, அவர் தொழிலில் வந்த குறை இல்லை. ஓஹையோ மாநிலம் கேன்டனில் இருக்கும் அமெரிக்கக் கால்பந்துப் புகழ் மண்டபம் 1986இல் ஓய்வு பெற்ற அவருக்கு 2014இல்தான் கதவைத் திறந்தது. உள்ளே போன முதல் முழுநேரப் பன்டர் அவர். தாமதம் மண்டபத்தின் தவறு. 2022இல் அவர் மறைந்தபோது கல்லூரிப் பிள்ளைகளில் சிறந்த பன்டருக்கு வருடா வருடம் அவர் பெயரிலேயே விருது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த விருதை வாங்கியவர்களில் ஒருவர் மிட்ச் விஷ்னோஸ்கி, ஆஸ்திரேலியாவில் கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்தவர். கண்ணாடி வேலையும் பிழைப்புதானே! பிழைப்பு மட்டும் போதும் என்றால் கடல் தாண்டி ஏன் வர வேண்டும்?

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று, நடுவர் அவர்களே. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் கெவின் ஹியூபர். 2013 டிசம்பரில் பிட்ஸ்பர்க்கில் உதைத்துவிட்டு, பந்தோடு ஓடி வந்தவரைத் தடுக்கப் போனார். எதிரி ஒருவர் மோதியதில் தாடை உடைந்தது, முதுகெலும்பில் விரிசல். அந்த சீசன் அவ்வளவுதான். அடுத்த சீசனில் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார், சிறந்த வீரர்களுக்கான புரோ பௌலுக்கும் தேர்வானார். இந்தக் காட்சியை என் மனைவி பார்த்துவிட்டு, நம் பையனுக்கு இது வேண்டுமா என்று கேட்டாள். அவனிடமே கேளேன் என்றேன். அவன் தோட்டத்தில் பந்தை விழ விட்டுக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு ஆட்டம். நடுவர் அவர்கள் வந்தால் முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன். நன்றி, வணக்கம்.