வென்ட் அனுப்பிய புத்தக மூட்டை

அவையோருக்கு வணக்கம்.

கொழும்பில் நாடகம் பார்க்கிறவர்களுக்கு ‘வென்ட்’ என்றால் ஒரு மண்டபம். 1953இல் திறந்தது. சிங்கள, ஆங்கில நாடகங்களோடு தமிழ் நாடகங்களும் அங்கே மேடையேறியிருக்கின்றன. அந்தப் பெயரைச் சொல்லி நுழைவுச்சீட்டு வாங்குகிறவர்களில் எத்தனை பேர் லயனல் வென்ட் எடுத்த புகைப்படம் ஒன்றையாவது பார்த்திருப்பார்கள்? அவருடைய வீடு இருந்த காணியில்தான் மண்டபம் நிற்கிறது. கட்டடம் நிலைத்துவிட்டது, கலைஞர் மறைந்துபோனார். இன்றைக்கு நான் அவரைப் பற்றியும், அவர் செய்துகாட்டியதை நாம் எப்படித் தொடரலாம் என்பதைப் பற்றியும் பேசப்போகிறேன்.

1900இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை ஐரோப்பிய வழிவந்த பறங்கியர், உயர் நீதிமன்ற நீதிபதி. தாய் சிங்களவர். இலண்டனுக்குப் போய்ச் சட்டமும் பியானோவும் சேர்த்துப் படித்தார். 1924இல் திரும்பி வந்து, கொஞ்ச நாளில் சட்டத்தைக் கைவிட்டார். கமராவைத் தீவிரமாகக் கையில் எடுத்தது 1930களின் தொடக்கத்தில். 1944 டிசம்பரில் இறந்துவிட்டார், வயது 44. பத்துச் சொச்சம் ஆண்டு உழைப்பு, அவ்வளவுதான்.

அந்தப் பத்து ஆண்டில் அவர் என்ன செய்தார்? ஐரோப்பாவில் மான் ரே போன்ற புகைப்படக் கலைஞர்கள் இருட்டறையில் நடத்திக்கொண்டிருந்த சோதனைகளை, அதே காலத்தில் கொழும்பில் தன் வீட்டு இருட்டறையில் நடத்தினார். சோலரைசேஷன் என்று ஒரு முறை உண்டு. படம் ரசாயனத்தில் தெளிந்து வருகிற நேரத்தில், பாதியில், ஒரு கணம் வெளிச்சம் காட்டுவது. இலேசான பகுதிகள் கறுக்கத் தொடங்கும். கறுப்பும் வெளுப்பும் சந்திக்கிற விளிம்பில் ஒரு கோடு எழும்பும். அதனால் வென்ட்டின் சில படங்களில் மனித உடல், யாரோ பென்சிலால் ஓரம் வரைந்ததைப் போல நிற்கிறது. அந்தக் கோட்டைக் கையால் யாரும் வரையவில்லை, வெளிச்சமே வரைந்தது. கமராவே இல்லாமல், ஒளியுணர் தாளின்மேல் பொருட்களை வைத்து வெளிச்சம் பாய்ச்சியும் படம் செய்தார். இரண்டு மூன்று நெகட்டிவை ஒன்றாக்கி, எங்கும் இல்லாத ஒரு இடத்தை உண்டாக்கினார்.

இவ்வளவு நுட்பத்தையும் எதற்குப் பயன்படுத்தினார் என்பது எனக்கு முக்கியம். மீன்பிடிக்கிறவர், கண்டி நடனக் கலைஞர், வெயிலில் கறுத்த உழைப்பாளியின் முதுகு. வெள்ளைக்காரப் பயணிகளுக்கு விற்ற தபால் அட்டைகளில் ‘சுதேசி வகை’ என்று நிறுத்தப்பட்ட அதே மனிதர்கள், வென்ட்டின் படத்தில் தங்கள் அழகோடு, தனித்த ஆட்களாக வருகிறார்கள். ஆண் உடலின் வனப்பை அவர் ஒளிக்காமல் கொண்டாடினார். ஆணும் ஆணும் நேசிப்பதை 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்கி வைத்திருந்த நாட்டில் அது துணிச்சல். அந்தத் துணிச்சலுக்காகவே அவரை நான் வணங்குவேன்.

இனி அந்தப் புத்தக மூட்டைக்கு வருகிறேன். 1929இல் கொழும்புக்கு ஒரு இளம் சிலி நாட்டுத் தூதரக அலுவலர் வந்தார். வெள்ளவத்தைக் கடற்கரையில் தனியாக ஒரு வீட்டில் இருந்தார். கவிஞர் பாப்லோ நெருடா. கையில் காசில்லை, பேச்சுத் துணையில்லை. வென்ட்டுக்கு இங்கிலாந்திலிருந்து புதுப் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கும். வாரந்தோறும் ஒரு ஆளைச் சைக்கிளில் அனுப்பி, சாக்கு நிறையப் புத்தகம் நெருடாவின் வீட்டுக்குச் சேர்ப்பித்தார். நெருடாவே தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். என்ன எழுதுகிறாய், எப்போது முடிப்பாய் என்றெல்லாம் அந்த மூட்டையோடு கேள்வி வரவில்லை.

ஓவியர் ஜோர்ஜ் கீற்றை ஊர் பரிகசித்தபோது வென்ட் அவருக்காக எழுதி வாதாடினார். 1943 ஆகஸ்டில், அரச ஆதரவுள்ள ஓவியச் சங்கத்தின் பழைய ரசனைக்கு எதிராக ஓவியர்கள் கூடியதும் வென்ட் வீட்டில்தான். ‘43 குழு’ என்று அது வரலாறாயிற்று. ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, மஞ்சுசிறி ஆகியோருடன் நம் எஸ். ஆர். கனகசபையும் அதில் இருந்தார். தன் வீட்டையும் பணத்தையும் மற்றவர்களின் கலைக்குத் திறந்துவிட்ட மனிதருக்கு, தன் படங்களைப் பேணி வைக்க ஆயுள் போதவில்லை.

அவர் இறந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. நண்பர்கள் 1950இல் ஒரு தொகுப்பு நூலைக் கொண்டுவந்தார்கள். அதுவும் கையில் எஞ்சிய படத்தாள்களும்தான் இன்று மிச்சம். பிறகு நெடிய மௌனம். 2017இல் ஆம்ஸ்டர்டாமின் ஹுயிஸ் மார்சேய் புகைப்பட அருங்காட்சியகம் அவருக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது. அதே ஆண்டு டோக்குமென்டா என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியிலும் அவர் இடம்பெற்றார். எழுபத்து மூன்று ஆண்டு கழித்து! மகிழ்ச்சிதான். ஆனால் இந்தக் கண்டெடுப்பில் வென்ட்டுக்கு என்ன கிடைத்தது? இன்னும் பத்து ஆண்டு வேலை செய்ய முடிந்ததா?

ஆகவேதான் சொல்கிறேன், மறைந்தவரைத் தேடுகிற ஆர்வமும் இருப்பவரைத் தாங்குகிற ஏற்பாடும் ஒரே வேலை. இன்று அந்த ஏற்பாட்டுக்கு ரெசிடென்சி என்று பெயர். 1982இல் அமெரிக்காவில் தொடங்கிய டிரையாங்கிள் என்ற கலைஞர் பட்டறைகளிலிருந்து, 1997இல் தில்லியில் ‘கோஜ்’, 2000இல் கொழும்பில் ‘தீர்த்த’ என்ற கலைஞர் அமைப்புகள் வழியாக இந்த வழக்கம் நம் பக்கம் வந்தது. கலைஞருக்குச் சில வாரமோ மாதமோ அறை, சோறு, பொருட்செலவு, பக்கத்து அறையில் வேறு ஊர்க் கலைஞர். ‘தீர்த்த’ முன்னெடுத்த ‘அகம்-புறம்’ கண்காட்சி 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்ததை இங்கே சிலர் நேரில் கண்டிருப்பீர்கள். 1981இல் எரிக்கப்பட்ட அதே நூலகத்தில், போர் நிறுத்தம் கிடைத்த சிறு இடைவெளியில், வடக்கும் தெற்கும் ஒரே சுவரில் படம் மாட்டின. ஒன்றாக இருந்து பழகியவர்களால்தான் அது முடிந்தது.

எல்லா ரெசிடென்சியும் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். ஆங்கிலத்தில் பத்துப் பக்க விண்ணப்பம், முடிவில் கட்டாயக் கண்காட்சி, நிதி கொடுத்தவர் விரும்பிய தலைப்பு என்று சில இடங்களில் கலைஞரைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். அப்படியான இடத்தில் சோலரைசேஷன் பிறக்காது. பாதியில் வெளிச்சம் காட்டினால் தாள் வீணாகலாம். பல தாளை வீணாக்க வசதி இருந்ததால்தான் வென்ட்டுக்கு அந்தக் கோடு கிடைத்தது. அவரிடம் குடும்பச் சொத்து இருந்தது. இன்று கிளிநொச்சியிலிருந்து வருகிற ஒரு பெண் புகைப்படக்காரிக்கு அந்தத் தாளை யார் வாங்கிக் கொடுப்பது?

நம்மிடம் பூட்டிக் கிடக்கிற வீடுகள் இருக்கின்றன. உரிமையாளர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும். அதில் ஒன்றை மூன்று ஆண்டுக்குத் தாருங்கள். ஒரு அறையை இருட்டறையாக்குவோம். ஒரு அறையில் ஊர் ஸ்டூடியோக்களில் எஞ்சிய பழைய நெகட்டிவ்களைச் சேர்த்து, துடைத்து, பதிவு செய்வோம். வருகிற கலைஞர் விரும்பினால் அவற்றோடு வேலை செய்யட்டும், விரும்பாவிட்டால் விடட்டும். ஒருவருக்கு மூன்று மாதம், முடிவில் கண்காட்சி கட்டாயமில்லை. விண்ணப்பம் தமிழிலோ சிங்களத்திலோ கையால் எழுதிய இரண்டு பக்கம் போதும். வீடு தர மனமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னோடு பேசுங்கள், திறப்பைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன்.