கொலைக்கயிறும் தூக்குக்கயிறும்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குப் பேசப்போகிற படத்தைச் சாப்பாட்டுக்கு முன்பு பார்க்காதீர்கள், பின்பும் வேண்டாம். போலந்து இயக்குநர் கிறிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கி 1988-இல் தந்த 'எ ஷார்ட் ஃபிலிம் அபௌட் கில்லிங்'. ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. கதையை முழுவதுமாகச் சொல்லப்போகிறேன். சொன்னால் கெட்டுப்போகிற படம் இல்லை.

வார்சா நகரில் யாட்செக் என்ற இளைஞன் வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறான். ஒரு டாக்சி ஓட்டுநர் வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார். பியோத்தர் என்பவர் வழக்கறிஞர் தேர்வில் தேறுகிறார். யாட்செக் அந்த டாக்சியில் ஏறுகிறான். ஊருக்கு வெளியே கொண்டுபோய் ஓட்டுநரைக் கொல்கிறான். பியோத்தர் அவனுக்காக வாதாடித் தோற்கிறார். அவனைத் தூக்கில் போடுகிறார்கள். அவ்வளவுதான்.

ஏன் கொன்றான்? சொல்ல மாட்டார்கள். போலீஸ் எப்படிப் பிடித்தது? காட்ட மாட்டார்கள். வழக்கு விசாரணையாவது உண்டா என்றால், தீர்ப்பு சொல்லும் இடத்துக்குத்தான் கேமரா போகிறது. பிறகு நீதிபதி பியோத்தரிடம், மரண தண்டனைக்கு எதிராக இவ்வளவு சிறந்த வாதத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டதில்லை என்கிறார். அந்த வாதத்தில் ஒரு வரிகூட நம் காதில் விழவில்லை! படத்தின் திரைக்கதையைக் கீஸ்லோவ்ஸ்கியோடு சேர்ந்து எழுதிய கிறிஸ்டோஃப் பியெசியேவிச் தொழில்முறை வழக்கறிஞர். அனல் பறக்க எழுதியிருக்க முடியாதா என்ன? எழுதியிருந்தால் நாம் ஆளுக்கொரு கட்சியில் சேர்ந்து, கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

வாதம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சாவுகளை வைத்திருக்கிறார் கீஸ்லோவ்ஸ்கி.

முதல் சாவு. யாட்செக் பின்னிருக்கையிலிருந்து கயிற்றை ஓட்டுநரின் கழுத்தில் போட்டு இறுக்குகிறான். சினிமாவில் இதற்கு எத்தனை விநாடி ஆகும்? இங்கே முடியவே மாட்டேன் என்கிறது. ஓட்டுநரின் கை ஹாரனைத் தேடி அழுத்துகிறது. கால் உதைத்து உதைத்துச் செருப்பிலிருந்து கழன்றுகொள்கிறது. உயிர் போகவில்லை. ஆற்றங்கரைக்கு இழுத்துப்போன பிறகும் கெஞ்சுகிறார். கடைசியில் கல்லை எடுக்கிறான். ஒரு மனிதனைக் கொல்வது எவ்வளவு கடினமான உடலுழைப்பு என்று எனக்கு வேறெந்தப் படமும் இப்படிக் காட்டியதில்லை.

ஒளிப்பதிவாளர் ஸ்வாவோமிர் இஜாக் லென்சுக்கு முன்னால் பச்சையும் மஞ்சளுமான வடிகட்டிகளை வைத்துச் சட்டகத்தின் ஓரங்களை இருட்டடித்திருக்கிறார். ஊரே பாசி பிடித்ததுபோலத் தெரியும். உங்கள் டிவி பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது சாவு அரசாங்கம் செய்வது. தூக்கிலிடுபவர் வந்து எந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறார். கயிறு சரியாக இறங்குகிறதா, காலடிப் பலகை திறக்கிறதா என்று பார்க்கிறார். தொழில் தெரிந்தவர், சுத்தமாகச் செய்கிறார். ஆனால் யாட்செக்கைக் கொண்டுவந்ததும் அந்த ஒழுங்கு சிதறிப்போகிறது. அவன் திமிறுகிறான், காவலர்கள் பாய்ந்து பிடிக்கிறார்கள், ஆளாளுக்குக் கத்துகிறார்கள். சட்டப்படி நடக்கும் காரியம், பார்வைக்கு ஐந்தாறு பேர் சேர்ந்து ஒருவனை அடித்துக் கொல்வதுபோல இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் வசனம் பேசவில்லை. பேசியிருந்தால் எதிர்த்து வாதாடலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய படம். 1931-இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'எம்'. குழந்தைகளைக் கொன்றவனை பெர்லின் நிழலுலகத்தினர் பிடித்து ஒரு பழைய சாராய ஆலையில் விசாரிக்கிறார்கள். தலைமை தாங்குபவன் மேலேயே கொலை வழக்குகள் உண்டு! தன்னால் தன்னை அடக்க முடியவில்லை என்று கொலைகாரனாக நடித்த பீட்டர் லோரி கதறுகிற காட்சி பிரமாதம். அங்கே கொலைகாரனுக்கு நாக்கு இருக்கிறது. யாட்செக்குக்கு அதுவும் இல்லை. விளக்கம் சொல்லத் தெரியாதவனைத்தான் நம் முன்னால் நிறுத்துகிறார் கீஸ்லோவ்ஸ்கி. எனக்கு இது இன்னும் கடினமான சோதனை.

படம் 1988 மே மாதம் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்றது. அதற்கு முந்தைய மாதம்தான் போலந்தில் கடைசித் தூக்கு நடந்திருந்தது. மரண தண்டனையைச் சட்டத்திலிருந்தே நீக்கியது 1997-இல் வந்த புதிய தண்டனைச் சட்டம். படம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இடையில் 1989-இல் ஆட்சிமுறையே மாறியதே.

இனி என் சண்டைக்கு வருகிறேன். தூக்குக்கு முன்னால் யாட்செக் பியோத்தரிடம் தன் தங்கையைப் பற்றிச் சொல்கிறான். அவனும் நண்பனும் சேர்ந்து குடித்தார்கள்; அந்த நண்பன் ஓட்டிய டிராக்டரில் அடிபட்டுச் சிறுமி இறந்துபோனாள். அவளுடைய புகைப்படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லித்தான் கொலை நடந்த அன்று ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போயிருந்தான். கேட்டதும் மனம் இளகுகிறது. இளகியதும் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தத் தங்கை இல்லாவிட்டால் தூக்கு சரியாகிவிடுமா? மரண தண்டனை கூடாது என்கிற கட்சிதான் நானும். இரக்கத்தைக் கடன் வாங்கி அந்தக் கட்சியை நடத்த வேண்டியதில்லை.

இன்னொன்று. அந்த ஓட்டுநர் நல்ல மனிதர் இல்லை. குளிரில் நிற்கும் பயணிகளை ஏற்றாமல் போகிறார், ஹாரன் அடித்து நாய்களை மிரட்டுகிறார், இளம்பெண்ணைப் பார்த்து இளிக்கிறார். தெருநாய்க்கு உணவும் போடுகிறார். அவருக்கும் வீட்டில் யாருடைய புகைப்படமாவது இருந்திருக்கும். அதைப் பெரிதாக்கிக் காட்ட இந்தப் படத்தில் யாருக்கும் தோன்றவில்லை.