புதன் சுற்றும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் பேசக் கூப்பிட்டதால், ரேடியோ அலைகளோடே வாழ்நாளைக் கழித்த ஒருவரைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். கார்டன் பெட்டன்கில், அமெரிக்கர், 1926-இல் பிறந்து 2021-இல் மறைந்தவர்.

ரேடியோ வானியலில் பெரும்பாலோர் வானத்திலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இவர் ரேடார்காரர். கோளை நோக்கி அலையை அனுப்பிவிட்டு, பட்டுத் திரும்பும் எதிரொலிக்காகக் காத்திருப்பார். மசாசூசெட்ஸின் மில்ஸ்டோன் ஹில் ரேடாரில் ஸ்புட்னிக்கைப் பிடித்தார், 1961-இல் வெள்ளியைப் பிடித்தார், அப்புறம் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவுக்குப் போனார். அங்கே 305 மீட்டர் அகல டிஷ், அந்தக் காலத்தில் அதற்கு இணையே கிடையாது.

புதன் தன்னைத்தானே சுற்ற 88 நாள் ஆகிறது, சூரியனைச் சுற்றவும் அதே 88 நாள்தான், ஆகவே எப்போதும் ஒரே முகத்தைத்தான் சூரியனுக்குக் காட்டுகிறது என்று 1880களில் வானியலாளர் ஷியாபரெல்லி சொன்னதைப் பாடப்புத்தகங்கள் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படியே அச்சடித்துக்கொண்டிருந்தன. 1965-இல் பெட்டன்கிலும் ரால்ஃப் டைஸும் புதனுக்கு அலை அனுப்பினார்கள். பக்கத்தில் வரும்போதுகூட அலை போய்வரப் பத்து நிமிஷம் ஆகும். சுழலும் கோளின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வரும், இன்னொன்று விலகிப் போகும், அதனால் ஒரே அதிர்வெண்ணில் போன அலை கொஞ்சம் விரிந்து திரும்பும். அந்த விரிவை அளந்தால் சுழலும் வேகம் தெரிந்துவிடும். வந்த விடை ஏறக்குறைய 59 நாள்!

அப்படியானால் தொலைநோக்கியில் பார்த்தவர்கள் எல்லாரும் குருடர்களா? இல்லை, பாவம். புதன் நமக்கு மறுபடி அதே நிலையில் தெரிய 116 நாள் ஆகும், அதற்குள் அது கிட்டத்தட்ட இரண்டு சுற்று முடித்திருக்கும். பார்க்கும்போதெல்லாம் அதே முகம் தெரிந்தால் யார்தான் ஏமாற மாட்டார்கள்? இத்தாலிக்காரர் கொலம்போதான், 59 என்பது 88-இல் மூன்றில் இரண்டு பங்கு அல்லவா என்று கண்டுபிடித்தார். சூரியனை இரண்டு முறை வலம் வருவதற்குள் மூன்று தற்சுழற்சி.

பிற்பாடு வெள்ளிதான் அவர் உலகம். மேகம் மூடிய கோள், கேமராவால் தரை தெரியாது. 1990-இல் அங்கே போன மெகல்லன் விண்கலத்தின் ரேடார் ஆய்வுக்கு அவரே தலைமை, வெள்ளியின் தரையில் 98 சதவீதம் படமானது. அந்தப் பழைய படங்களில் 1991-இல் எட்டு மாத இடைவெளியில் எடுத்த இரண்டை ஒப்பிட்டு, ஓர் எரிமலை வாய் பெரிதாகி வடிவம் மாறியிருப்பதை 2023-இல் கண்டுபிடித்தார்கள். அவர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.