போக்கிமான் மாஸ்டர் என்றால் யார்? ஆஷின் 26 ஆண்டுக் கனவு

[திரையில்: மழை, மண் சாலை, கவிழ்ந்து கிடக்கும் சைக்கிள்]

கொட்டும் மழையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இரண்டு கைகளையும் அகல விரித்து நிற்கிறான். எதிரே ஸ்பியரோ பறவைகள் கூட்டமாகப் பாய்ந்து வருகின்றன. அவனுக்குப் பின்னால், தரையில் அடிபட்டுக் கிடக்கிறது ஒரு பிக்காச்சு. மனிதர்கள் பிடித்துப் பழக்கிப் போட்டிகளில் மோதவிடும் போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களில், மின்சாரம் பாய்ச்சக்கூடிய ஒன்று அது. போக்கிமான்களை வைத்துக்கொள்ளும் பந்துக்குள் போய்ப் பத்திரமாக இருந்துகொள் என்று அதனிடம் கெஞ்சிவிட்டுத்தான் பறவைகளை நோக்கித் திரும்பியிருக்கிறான். இருவரும் சந்தித்தது அன்று காலையில்தான். அதற்குள் அந்தப் பிக்காச்சு அவனுக்கு ஷாக் கொடுத்துவிட்டது. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, கயிறு கட்டித்தான் அதை ஊரைவிட்டு இழுத்து வந்தான்.

போக்கிமான் மாஸ்டர் ஆகப்போகிறவன் நான், உங்களிடம் தோற்க மாட்டேன் என்று அந்தப் பறவைகளைப் பார்த்துக் கத்துகிறான் ஆஷ்.

1997 ஏப்ரல் 1 அன்று ஜப்பானில் டிவி டோக்கியோ ஒளிபரப்பிய முதல் அத்தியாயம் இது. அங்கே இவன் பெயர் சதோஷி. போக்கிமான் விளையாட்டை உருவாக்கிய சதோஷி தஜிரியின் பெயரையே நாயகனுக்கும் வைத்தார்கள்.

சரி, போக்கிமான் மாஸ்டர் என்றால் யார்?

1996இல் வந்த விளையாட்டில் முடிவு தெளிவாக இருக்கிறது. ஊர் ஊராக இருக்கும் போட்டிக்கூடத் தலைவர்களை வென்று எட்டு பேட்ஜ் வாங்க வேண்டும், மிகச் சிறந்த நான்கு வீரர்களான நால்வர் அணியை வெல்ல வேண்டும், அதன்பின் சாம்பியனையும் வீழ்த்தினால் நீங்கள்தான் சாம்பியன். தொடரோ 'சாம்பியன்' என்ற சொல்லையும் 'மாஸ்டர்' என்ற சொல்லையும் ஒன்றாக்கவே இல்லை. மாஸ்டர் என்பது பதவியா, பட்டமா, யார் கொடுப்பது என்று ஆண்டுக்கணக்கில் யாரும் சொல்லவில்லை. சிறுவயதில் இது எனக்குக் குறையாகத் தெரிந்தது. இன்று, இந்தத் தொடர் எடுத்த மிகச் சரியான முடிவு இதுதான் என்று நினைக்கிறேன்.

[திரையில்: தோல்விக் காட்சிகள், ஒன்றன்பின் ஒன்றாக]

ஏனென்றால் ஆஷ் தோற்றுக்கொண்டே இருந்தான். முதல் பெரிய போட்டியான இண்டிகோ லீக்கில் முதல் பதினாறு பேருக்குள் வந்தவனை அவனுடைய சாரிஸார்ட் என்ற நெருப்புப் போக்கிமானே கைவிட்டது. சண்டைக்கு மறுத்துக் களத்தில் படுத்துவிட்டது. அடுத்தடுத்த பகுதிகளான ஜோட்டோவிலும் ஹோயெனிலும் கால் இறுதியோடு சரி. சின்னோவில் அரையிறுதி வரை வந்து டோபியாஸிடம் தோற்றான். 2016இல் காலோஸ் இறுதிப் போட்டியில் அலெய்னிடம் தோற்றபோது ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கோபம் நியாயமானது. கிரெனின்ஜா என்ற தன் போக்கிமானோடு அவன் வளர்ந்த விதத்தைப் பார்த்த எவருக்கும் அந்தக் கோப்பை அவனுக்கே உரியது என்றுதான் தோன்றும்.

இந்தத் தோல்விகளுக்கு வணிகக் காரணமும் உண்டு. புதிய விளையாட்டு வந்தால் புதிய பகுதி வரும். அங்கே ஆஷ் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய போக்கிமான்கள் சொந்த ஊரிலுள்ள பேராசிரியர் ஓக்கின் பண்ணைக்குப் போய்விடும். அவன் வயதும் பத்தைத் தாண்டாது. கனவு கைகூடிவிட்டால் நாயகன் வீடு திரும்ப வேண்டியதுதான் என்ற அச்சம் கதை நெடுகத் தெரிகிறது.

ஆனால் அந்தக் கட்டாயத்துக்கு நடுவிலும் எழுத்தாளர்கள் ஒரு நூலை விடாமல் பிடித்திருந்தார்கள். பேட்டில் ஃபிரண்டியர் என்ற சவால் போட்டித் தொடரில் வென்றபோது அங்கேயே நிர்வாகிகளில் ஒருவனாக இருக்கும்படி ஆஷை அழைத்தார்கள். அவன் மறுத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தான். வெற்றிக்காக மட்டும் அலைகிறவன் அந்த இடத்தை விட்டுவிட்டு வருவானா?

[திரையில்: அலோலா மைதானம், பிறகு லியோனின் சாரிஸார்டும் பிக்காச்சுவும்]

2019 செப்டம்பரில் அலோலா லீக்கை வென்றான். 2022 நவம்பர் 11 அன்று, உலகின் முதல்நிலை வீரனான லியோனை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனான். அந்தக் கடைசி நிமிடங்களைத் திரும்பப் பாருங்கள். எழ முடியாமல் கிடக்கும் பிக்காச்சுவின் மனக்கண்ணில், ஆஷோடு இத்தனை ஆண்டுகள் இருந்த போக்கிமான்கள் எல்லாம் வந்து நிற்கின்றன. அதன்பிறகே அது எழுந்து நிற்கிறது.

உலகத்திலேயே முதலிடம். அதற்கு மேல் ஏறப் படியே இல்லை. அப்படியும் அவன் தன்னை மாஸ்டர் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்து வந்தவை 11 அத்தியாயங்கள் மட்டுமே. 2023 ஜனவரி முதல் மார்ச் வரை. கோப்பைக்கான போட்டி எதுவும் கிடையாது. சிறுவயதுப் போட்டியாளன் கேரி வருகிறான், போக்கிமான் மாஸ்டர் ஆவதற்கு நீ எவ்வளவு அருகில் வந்திருக்கிறாய் என்று கேட்கிறான். உலக சாம்பியனுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கடைசி அத்தியாயத்தில்தான் வருகிறது: உலகத்திலுள்ள எல்லாப் போக்கிமான்களோடும் நட்பாக வேண்டும், ஒருவேளை போக்கிமான் மாஸ்டர் என்றால் அதுவாகத்தான் இருக்கும் என்கிறான்.

சப்பென்று இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு கல்லின் கதையைச் சொல்கிறேன்.

[திரையில்: புல்வெளி, சிறுவன் கையில் ஒரு கல்]

முதல் நாள். பிஜி என்ற சிறு பறவைப் போக்கிமான் என்று நினைத்து ஆஷ் கல்லெறிகிறான். அடிபட்டதோ ஒரு ஸ்பியரோ. அதனால்தான் அந்தக் கூட்டம் துரத்தியது, அதனால்தான் பிக்காச்சு அடிபட்டது. அந்த ஸ்பியரோ வளர்ந்து ஃபியரோ ஆகி, காட்டிலுள்ள பிஜிக்களை வதைக்கத் தொடங்கியது. அவற்றைக் காக்க, பிஜியின் வளர்ந்த வடிவமான ஆஷின் பிஜியோட்டோ, இன்னும் வளர்ந்து பிஜியாட்டாக மாறியது. அதை அங்கேயே காவலுக்கு விட்டு, திரும்பி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனான் ஆஷ். இது 90களில் வந்த அத்தியாயம். அவன் பகுதி பகுதியாகச் சுற்றினான். வாக்கு மட்டும் நிறைவேறவில்லை. ரசிகர்கள் அதை மறக்கவும் இல்லை.

உலகக் கோப்பையை வென்றவனுக்கு அந்தக் கடன் மிச்சம் இருந்தது. இறுதி அத்தியாயத்தில் அதே காட்டுக்கு வருகிறான். வானத்திலிருந்து பிஜியாட் இறங்கி வருகிறது. மறுபடியும் அவனோடு சேர்ந்துகொள்கிறது.

அந்த அத்தியாயத்தின் பெயரிலேயே வானவில் இருக்கிறது. முதல் நாள் மழை ஓய்ந்தபோதும் வானவில் தோன்றியது. அதை நோக்கி ஹோ-ஓ என்ற அரிய பறவைப் போக்கிமான் பறந்து போனதை ஆஷும் பிக்காச்சுவும் அண்ணாந்து பார்த்தார்கள்.

[திரையில்: சாலை. சிறுவனும் பிக்காச்சுவும், கயிறு இல்லாமல்]