ஒரு சிவப்புக் கோடு

அனைவருக்கும் வணக்கம். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘மருத்துவம், கோட்பாட்டு இயற்பியல், மின்சேமிப்புப் பொருள்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். கொடுத்த நேரம் இருபத்தைந்து நிமிடம். துறைக்கு எட்டு நிமிடம் என்று பங்கு போட்டால் தலைப்புகளை வாசித்து முடிக்கத்தான் சரியாக இருக்கும். அதனால் மூன்று துறைகளையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிறேன்: லித்தியம். மேஜை மேல் இருக்கும் சாராய விளக்கையும் கம்பியையும் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவை கடைசியில்.

உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனின் பேட்டரி 5,000 மில்லி ஆம்பியர் மணி என்றால், அதற்குள் சுமார் ஒன்றரை கிராம் லித்தியம் இருக்கிறது. மனநல மருத்துவர் எழுதிக்கொடுக்கும் 300 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் மாத்திரையில் உண்மையான லித்தியம் 56 மில்லிகிராம்தான். ஆக, ஒரு போனில் ஏறக்குறைய இருபத்தேழு மாத்திரைக்கான சரக்கு இருக்கிறது. கணக்குக்குச் சொன்னேன், யாரும் போனைக் கடித்துப் பார்க்காதீர்கள்.

இந்தத் தனிமம் நம் கண்ணில் பட்டதே ஒரு கணக்கு உதைத்ததால்தான். 1817இல் ஸ்டாக்ஹோமில், பெர்சீலியஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஆர்ஃப்வெட்சன் என்ற இளைஞர், ஊட்டோ தீவிலிருந்து வந்த பெட்டலைட் கல்லைப் பிரித்துப் பார்த்தார். அதில் இருந்ததையெல்லாம் கூட்டினால் நூறு வரவில்லை. விடுபட்ட அந்தப் பங்குதான் லித்தியம். கிரேக்க மொழியில் ‘லித்தோஸ்’ என்றால் கல். அடுத்த ஆண்டே இன்னொருவர், இதன் உப்பைத் தீயில் காட்டினால் இரத்தச் சிவப்பாக எரிகிறது என்று எழுதினார். அந்தச் சிவப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மருத்துவம். ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டு போர்க்கைதியாக இருந்தவர். ஊர் திரும்பியதும் மெல்பர்னுக்குப் பக்கத்தில் பண்டூரா மனநல மருத்துவமனையில், யாரும் பயன்படுத்தாத ஒரு சமையல் அறையில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். வெறி ஏறிய மனநிலைக்கு உடம்பில் ஊறும் ஏதோ நஞ்சுதான் காரணம், அது சிறுநீரில் இறங்கும் என்பது அவர் எண்ணம். நோயாளிகளின் சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தாராம். அந்த வீட்டு அம்மாவை நினைத்துப் பாருங்கள்!

சந்தேகம் சிறுநீரில் இருக்கும் யூரிக் அமிலத்தின் மேல் விழுந்தது. அது தண்ணீரில் எளிதில் கரையாது. நன்றாகக் கரையக்கூடிய அதன் உப்பு லித்தியம் யூரேட். அதைப் போட்டதும் கினிப் பன்றிகள் துள்ளாமல், மல்லாக்கப் படுத்துப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தன. அளவு மீறிய லித்தியத்தின் மயக்கமாகக்கூட அது இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அவர் தொடங்கிய எண்ணம் தவறு, பார்த்த அறிகுறியும் சந்தேகத்துக்குரியது. ஆனால் மருந்து மட்டும் உண்மை! முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். அப்புறம் 1948 மார்ச்சில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார். ஐந்து ஆண்டு வார்டிலேயே கிடந்த மனிதர் சில மாதத்தில் வீட்டுக்குப் போய், பழைய வேலையிலும் சேர்ந்தார். 1949 செப்டம்பரில் கட்டுரை வெளிவந்தது.

கதையை இங்கேயே நிறுத்தினால் கைதட்டலாம். அந்த முதல் நோயாளி மருந்தை விட்டார், நோய் திரும்பியது, மறுபடி மருந்து. கடைசியில் 1950இல் லித்தியம் நஞ்சாகவே மாறி அவர் இறந்துபோனார். ஏனென்றால் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வழக்கம் அன்று இல்லை. இன்று ஒரு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை என்று பொதுவாக வைத்திருக்கிறார்கள். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவில் இவ்வளவு ஒடுங்கிய சந்து வேறு அதிக மருந்துகளில் கிடையாது.

எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். என் சித்தப்பா பல ஆண்டு லித்தியம் சாப்பிட்டவர். ஒரு சித்திரை வெயிலில், இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு உப்பை அடியோடு நிறுத்தினார். பத்து நாளில் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கை நடுங்கி, டவராவில் டம்ளர் கடகடவென்று அடிக்கும். சித்தி, வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தார். சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தின் தம்பி மாதிரி நடத்துகிறது. உப்பு குறைந்தால் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இரத்தப் பரிசோதனையில் அளவு ஏறியிருந்தது. மாத்திரையை நிறுத்தி, உப்பும் தண்ணீரும் கொடுத்ததும் தேறிவிட்டார். சாப்பிடுகிறவர்கள் யாராவது வீட்டில் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் உப்பில் கை வைக்காதீர்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

பேட்டரிக்கு வருவோம். 1970களில் விட்டிங்ஹாம் என்பவர் லித்தியம் உலோகத்தையும் டைட்டானியம் டைசல்பைடையும் வைத்து ஒரு பேட்டரி செய்தார். வேலை செய்தது, தீயும் பிடித்தது. 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃப், சல்பைடுக்குப் பதிலாகக் கோபால்ட் ஆக்சைடைப் போட்டு நான்கு வோல்ட் வரை கொண்டுபோனார். அவர் படிப்பால் இயற்பியலாளர். ஜப்பானில் யோஷினோ உலோகத்தையே எடுத்துவிட்டு, 1985இல் பெட்ரோலியக் கோக் என்ற கரியை வைத்தார். பிறகு பேட்டரியின் மேல் இரும்புக் குண்டைப் போட்டு நசுக்கிப் பார்த்தார், வெடிக்கவில்லை. 1991இல் கடைக்கு வந்தது. 2019இல் மூவருக்கும் நோபல்.

இங்கேயும் ‘எவ்வளவு’ என்ற கேள்விதான். கோபால்ட் ஆக்சைடில் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் லித்தியத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் சார்ஜ் செய்யும்போது வெளியே எடுக்கலாம். பேராசைப்பட்டு இன்னும் எடுத்தால் அடுக்கு குலைந்து, ஆக்சிஜன் வெளியேறத் தொடங்கும்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. தென்தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கிய ஆறுமுகம் மந்திரம், 1980களின் நடுவில் குட்இனஃபிடம் சேர்ந்தார். இரும்பு மலிவு, ஆனால் இரும்பு ஆக்சைடில் வோல்ட் குறைவு. இருவரும் ஆக்சைடை விட்டு இரும்பு சல்பேட்டைப் போட்டார்கள். அதே இரும்பு 3.6 வோல்ட் கொடுத்தது. அந்த வழியில்தான் 1997இல் இரும்பு பாஸ்பேட் வந்தது. அதிலிருந்து லித்தியத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் எடுக்கலாம், சுலபத்தில் தீப்பிடிக்காது. இன்று மின்சாரப் பேருந்துகளில் ஓடுவது பெரும்பாலும் இந்த வகைதான். நோபல் விழாவின்போது குட்இனஃபுக்கு வயது 97. அவருடைய நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்.

கடைசியாக இயற்பியல். பெருவெடிப்புக்குப் பிறகு சுமார் இருபது நிமிடத்துக்குள், அதாவது இந்தப் பேச்சு முடிவதற்குள், ஹைட்ரஜனும் ஹீலியமும் துளி லித்தியமும் உருவாகிவிட்டன. கோட்பாட்டுக் கணக்கு, ஆயிரம் கோடி ஹைட்ரஜன் அணுவுக்கு ஐந்து லித்தியம் அணு இருக்க வேண்டும் என்கிறது. 1982இல் பிரான்சில் ஸ்பீட் தம்பதி, நம் பால்வெளியின் மிகப் பழைய நட்சத்திரங்களில் லித்தியத்தை அளந்தார்கள். எந்த நட்சத்திரத்தைப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் அந்த அளவு ஐந்து அல்ல, ஒன்றரைதான்.

ஹீலியம் சரியாக வருகிறது, டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் சரியாக வருகிறது, லித்தியம் மட்டும் உதைக்கிறது. அணுக்கரு வினைகளைத் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார்கள், கணக்கு அசையவில்லை. இதுவரை அறியாத துகள்கள் காரணமோ என்று சிலர் எழுதினார்கள். என்னைக் கேட்டால் எனக்கு நட்சத்திரங்களின் மேல்தான் சந்தேகம். சுமார் 25 லட்சம் டிகிரி வெப்பத்திலேயே லித்தியம் அழிந்துவிடும். நம் சூரியனின் மேற்பரப்பிலேயே விண்கற்களில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. பழைய நட்சத்திரங்களிலும் மெதுவாக உள்ளே இறங்கிக் காணாமல் போயிருக்கலாம். ஆனால் எல்லா நட்சத்திரத்திலும் ஒரே அளவுக்குக் குறைந்தது எப்படி என்று கேட்டால், மடக்கிவிட்டீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஸ்பீட் தம்பதி அளந்தது நிறமாலையில், அதாவது ஒளியைப் பிரித்தால் விரியும் வண்ணப் பட்டையில், சிவப்புப் பகுதியில் 670.8 நானோமீட்டரில் விழும் ஒரு கோட்டை. பல ஆண்டுகள் மருத்துவமனைகளில் நோயாளியின் இரத்தத் துளியைத் தீயில் தெளித்து லித்தியத்தை அளந்ததும் அதே கோட்டை வைத்துத்தான். கேட் காலத்து நோயாளிக்கு அது கிடைத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார்.

சரி, விளக்கை ஏற்றிவிட்டேன். கம்பியின் நுனியில் இருப்பது லித்தியம் குளோரைடு. பின்வரிசையில் யாராவது டியூப்லைட்டை அணையுங்கள். ஜன்னலையும் சாத்துங்கள், தம்பி. இதோ, பாருங்கள்.